தீ இருந்த பக்கம்

காயாது. எட்டு மணிக்கு எடுக்கிற தாள் பதினோரு மணிக்குள் காயாது. இந்த ஐப்பசி ஈரத்தில் மூன்று நாள் கொடியில் தொங்கப் போட்டாலும் எண்ணெய் மை விரலில் ஒட்டும். இது தெரியாமலா முப்பத்தாறு வருசமாக லினோப் பலகையைச் செதுக்கி மை தடவித் தாள் எடுத்துக்கொண்டிருக்கிறேன்? தெரியும் ஐயா, நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பன்னிரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருமேனி அண்ணன் செத்து மூன்றாம் நாள், பால் தெளித்த கையோடு அவர் மகள் தமயந்தி இங்கே வந்து, இதே ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாள். "சித்தப்பா, பதினாறாம் நாள் நடிகர் சங்கத்துல படத்திறப்பு வச்சிருக்காங்க. அப்பாவுக்கு ஒரு நல்ல போட்டோ இல்ல. ஒண்ணு வேசம் கட்டுனது, இல்லைனா ரேசன் கார்டுல முழிச்சுக்கிட்டு இருக்கிறது. நீங்க அவரை வச்சு எத்தனை படம் போட்டிருக்கீங்க! அதுல ஒண்ணு குடுங்க. நீங்கதான் திறந்து வச்சுப் பேசணும்." சரிம்மா என்றேன். அன்றைக்கே உட்கார்ந்து வெட்டியிருந்தால் இந்நேரம் காய்ந்து, கண்ணாடி போட்டு, மாலைகூட மாட்டியிருக்கலாம். நேற்றுச் சாயங்காலம்தான் உளியைக் கையில் எடுத்தேன். ஏன்? கடைசி நிமிசத்தில், அடடா புதுசு காயலைம்மா, பழசையே எடுத்துக்க என்று சொல்ல ஒரு சாக்கு வேண்டும் இல்லையா. சவரிமுத்து, நீ எப்பேர்ப்பட்ட ஆள்டா. காயாத மைக்குப் பின்னால்கூட ஒளிந்துகொள்வாய்.

சிவப்பை ஆறு மணிக்கே ஏற்றிவிட்டேன். இனி கறுப்பு. எங்கள் தொழிலில் ஒரு நிறத்துக்கு ஒரு பலகை. கறுப்புப் பலகை பழசு, முப்பத்தாறு வருசத்துக்கு முன்னால் வெட்டியது. அதில் ராஜபார்ட் திருமேனி ஓடிக்கொண்டிருக்கிறார், கிரீடம் சரிந்து, ஒரு கையில் அட்டைக் கத்தி, மறு கையால் ஜிகினா உடுப்பைத் தொடைக்கு மேல் தூக்கிப் பிடித்து, தொந்தி ஒரு பக்கம் போக, கால் ஒரு பக்கம் போக. சிவப்புப் பலகை நேற்று வெட்டின புதுசு, அதில் தீ மட்டும். இரண்டையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்தால் படம். கண்ணாடியில் மையை உருட்டுகிறேன். பதம் வந்தால் ரோலர் ஒரு சத்தம் போடும், வாழையிலையைக் கிழிக்கிற மாதிரி. இன்னும் வரவில்லை. துடைக்கிற துணியில் மண்ணெண்ணெய் வாடை. அந்த வாடை எனக்கு ஆகாது, பிறகும் இதே தொழிலில் விழுந்து கிடக்கிறேன், வேறு போக்கிடம் இல்லாமல். உருட்டு. பேசாமல் உருட்டு. இந்த ஒரு படம்தான் என்னை ஆளாக்கியது. 'மகாராஜா பராக்!' என்று பேர். தீக்குப் பயந்து கிரீடம் சரிய ஓடுகிற மேடை மாவீரன், முதுகுக்குப் பின்னால் தீ. சிற்றிதழ் அட்டையில் வந்தது, அங்கிருந்து வாரப் பத்திரிகைக்குப் போய் ஊர் ஊராக டீக்கடை வரைக்கும் வந்தது, பரிசு வந்தது, நாடக வீரத்தின் சாயத்தைக் கழுவி ஊற்றிய கலைஞன் என்று ஒருவர் எழுதினார், அவர் ஜென்மத்தில் ஒரு நாடகம் பார்த்தவர் இல்லை. அப்புறம் என்ன, பிடித்த கொம்பை விடுவேனா? அவரையே வைத்து வரிசையாகப் போட்டேன், இன்னும் இருபத்தொன்று. புலியோடு சண்டை போடுகிற மகாராஜா: புலித்தோலுக்குள் இரண்டு பேர், பின்னங்கால்காரன் பீடி குடிக்கிறதால் புலியின் வாலடியில் புகை. நெஞ்சில் வாள் பாய்ந்து செத்த மகாராஜா: கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டதும் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி சாகிறார். ஆகாயத்தில் பறக்கிற மகாராஜா: கயிற்றை இழுக்கிற ஆள் வெற்றிலை துப்பப் போய்விட்டான், இவர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு கீழே நிற்கிற எதிரியிடம் மணி என்னப்பா என்று கேட்கிறார். சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. அதெல்லாம் பொய்யும் இல்லை, புலி பீடி குடித்ததை நானே பார்த்தேன். கேலி பண்ணுவது வேறு, கேலிக்குள் ஒரு பொய்யை வைத்துத் தைப்பது வேறு. அந்த முதல் படம் பொய். முதல் படம் பொய்யானதால் மற்ற இருபத்தொன்றும் அதற்குச் சாட்சி சொல்லக் கூட்டி வந்த கூலி ஆட்கள்.

சத்தம் வந்துவிட்டது. பலகைக்கு மை ஏற்றுகிறேன், மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், கிரீடத்தில், தொந்தியில், கத்தியில். இந்தக் கத்தியை அவர் கீழே போட்டிருக்கலாம். மறந்துவிட்டார். கீரனூருக்கு மேற்கே ஒரு ஊர், பங்குனித் திருவிழா, பொழுது சாய்கிற நேரம், ஜனம் இன்னும் வரவில்லை. வேசம் கட்டுகிற கீற்றுக் கொட்டகையில் நாங்கள் ஏழெட்டுப் பேர். ஓவியக் கல்லூரி முடித்துவிட்டு வேலை இல்லாமல் அவர்களுக்குப் படுதா எழுதிக்கொண்டிருந்தேன், அரண்மனைத் தூண், தர்பார் மண்டபம், நந்தவனம். பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன் கையிலேயே அது பொங்கியது, கூரையில் பிடித்தது. பங்குனி வெயிலில் காய்ந்த கீற்று, ஒரு மூச்சு, அவ்வளவுதான். தீ என்று கத்தியது யார் என்று இன்றைக்கும் தெரியாது, நானாகவும் இருக்கலாம், ஏனென்றால் முதலில் வெளியே போனவன் நான்தான். ஓட்டம் என்றால் அப்படி ஒரு ஓட்டம். தூரிகையை விட்டு, செருப்பை விட்டு, கிணற்று மேட்டுக்குப் பின்னால் போய்க் குத்தவைத்தேன். அங்கிருந்து பார்த்தேன். ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். திருமேனி அண்ணனும் வந்துவிட்டார், பாதி மேக்கப், ஒரு கன்னத்தில் மட்டும் ரோஸ் பவுடர். சுற்றும் முற்றும் பார்த்தார். "பக்கிரி எங்கடா?" பக்கிரிசாமி ஆர்மோனியக்காரர், ஒரு கால் சூம்பின கால், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கொட்டகையின் மூலையில் படுத்தால் மேடை மணி அடிக்கிற வரைக்கும் எழ மாட்டார். எனக்குத் தெரியும் அவர் எங்கே படுத்திருக்கிறார் என்று. போர்த்திக்கொள்ளப் பழைய படுதாவைக் கொடுத்ததே நான்தான். ஓடும்போது அவர் காலைத் தாண்டித்தான் ஓடினேன். தாண்டினேன், குனியவில்லை. ஒரு தட்டு தட்டியிருந்தால் விழித்திருப்பார். கிணற்று மேட்டில் இருந்து வாயைத் திறந்து அந்த மூலையில் என்றாவது சொன்னேனா? அதுவும் இல்லை. அண்ணன் திரும்பினார். அந்த ஜிகினா உடுப்போடு, அந்த நைலான் முடியோடு, ஒரு பொறி பட்டால் ஆளே மத்தாப்பு, உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொந்தி குலுங்கத் தீக்குள் ஓடினார். கையில் அட்டைக் கத்தி! அதை வைத்துக்கொண்டு எந்த எதிரியை வெட்ட? பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. மாதா சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்கு ஒரு சிரிப்பு வந்தது, வந்து தொண்டையில் நின்றது. பக்கிரியைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தபோது அண்ணனுக்கு இடது தோளிலிருந்து முழங்கை வரை தோல் இல்லை.

தாளைப் பலகையின் மேல் போட்டு மரக்கரண்டியால் அதன் முதுகைத் தேய்க்கிறேன். அவசரப்பட்டால் தாள் நகரும். விரல் கணு வலிக்கிறது. அந்த வருசமே அதைப் படமாக்க உட்கார்ந்தேன், மனசார, கும்பிடுகிற மாதிரி. தொந்தியும் அட்டைக் கத்தியுமாக ஒரு மனுசன் நிஜத் தீக்குள் ஓடுகிறான், பார்க்கிறவன் முதலில் சிரிக்கணும், அடுத்த நொடி சிரித்ததற்கு வெட்கப்படணும் என்று நினைத்தேன். நல்ல நினைப்புத்தான். அச்சில் எல்லாம் இடம் வலமாக மாறும், அதனால் வரைந்த டிரேசிங் தாளைக் குப்புறப் போட்டுத்தான் பலகைக்கு மாற்ற வேண்டும், இது முதல் வருசப் பாடம். கறுப்புப் பலகைக்குக் குப்புறப் போட்டேன். சிவப்புப் பலகைக்கு மல்லாக்கப் போட்டேன். அவ்வளவுதான் நடந்தது. குப்புற, மல்லாக்க. தூக்கத்தில்கூட இந்த இரண்டு வார்த்தை வரும். முதல் தாளை உரித்துப் பார்த்தால் ராஜா நான் நினைத்த பக்கம்தான் ஓடுகிறார், தீ மட்டும் இடம் மாறி அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. தீக்குள் போகிறவர் தீயை விட்டு ஓடுகிறவராகிவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. தாளின் அடியில் பேரை முன்னாடியே பென்சிலால் எழுதி வைத்திருந்தேன், 'பக்கிரியை எடுக்க' என்று. அந்த நேரம் பார்த்துத்தானா சிநேகிதர்கள் இரண்டு பேர் உள்ளே வர வேண்டும்? விழுந்து விழுந்து சிரித்தார்கள். "டேய் சவரி, பிரமாதம்டா! வீராதி வீரனைக் கிழிச்சுத் தொங்க விட்டுட்டியே!" பிசகுடா என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. சொல்லியிருந்தால் நிஜத்தில் என்ன நடந்தது என்று கேட்பார்கள், சொன்னால், அப்ப நீ எங்கடா இருந்த என்று கேட்பார்கள். நான் கிணற்று மேட்டில் இருந்தேன். தீயை விட்டு ஓடுகிறவன் எனக்குத் தெரிந்தவன்தானே, முகம் மட்டும்தானே வேறே. ரப்பரை எடுத்து எழுதியதை அழித்து, 'மகாராஜா பராக்!' என்று எழுதினேன். அப்புறம் நாற்பத்தொன்பது தாள் எடுத்தேன், ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டேன். சிவப்புப் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வெட்ட எவ்வளவு நேரமாகும்? நேற்று வெட்டினேனே, ஒரு சாயங்காலம் ஆனது.

முதல் தாளை அவருக்கே கொடுத்தேன், அது என் திமிர். கண்காட்சிக்கு வந்திருந்தார், முழுக்கைச் சட்டை, தீக்குப் பிறகு அரைக்கை போட்டதே இல்லை. படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். விரலை நீட்டி, ராஜா ஓடுகிற பக்கம் இருந்த வெள்ளையைத் தொடாமல் காட்டி, மெதுவாகக் கேட்டார். "தீ இந்தப் பக்கம்ல இருந்துச்சு தம்பி?" நான் சொன்னேன், இந்த வாய்தான் சொன்னது, "கலையில அப்படித்தாண்ணே, அதோட அர்த்தம் வேற." ஒரு நிமிசம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அதுசரி, நமக்கு என்ன தெரியும். தொந்தியைச் சரியாப் போட்டிருக்கடா." அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவர் அதைப் பேசியதே இல்லை. பேச வேண்டியதை ஊர் பேசியது. ராஜபார்ட் மேடைக்கு வந்து மீசையை முறுக்கி, எட்டுத் திக்கும் நடுங்க என்று ஆரம்பித்தால் கூட்டத்திலிருந்து ஒருத்தன், மகாராஜா, தீ! தீ! என்பான். தீப்பெட்டியைத் தூக்கி எறிவான். பக்கிரி இருந்தவரைக்கும், என்னைத் தீயிலிருந்து தூக்கி வந்ததே அவர்தான் என்று ஊர் ஊராகச் சொல்லிப் பார்த்தார், கூட நடித்தவர்களும் சொன்னார்கள். செட்டுக்காரன் ராஜபார்ட்டுக்குப் பேசாமல் யாருக்குப் பேசுவான் என்று விட்டுவிட்டார்கள். மறு ஆடியில் அவரும் போய்ச் சேர்ந்தார். நடிகன் நிஜமாகவே ஒன்றைச் செய்தால் எவன் நம்புகிறான்? இரண்டு வருசம் தாக்குப் பிடித்தார் அண்ணன், அப்புறம் ராஜா வேசத்தை விட்டுவிட்டு பபூன் ஆனார். பபூனாக வந்தால் முதல் வேலையே, மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, ஒரு குச்சி உரசி, அதைப் பார்த்துத் தானே பயந்து மேடையைச் சுற்றி ஓடுவதுதான். கொட்டகை இடிகிற மாதிரி கைதட்டுவார்கள். நானும் ஒரு தடவை கூட்டத்தின் கடைசியில் நின்று பார்த்தேன். கை தட்டினேன். எல்லோரும் தட்டும்போது சும்மா நின்றால் தெரிந்துவிடுமே. அட பாவி. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்கு அது கூடக் கிடையாது, கை தட்டுகிற நெஞ்சு.

உரிக்கிறேன். மூலையிலிருந்து, மெதுவாக. தீ முன்னால் நிற்கிறது. அவர் அதைப் பார்த்து ஓடுகிறார். அதே கிரீடம், அதே தொந்தி, அதே அட்டைக் கத்தி. ஈரத்தின் மேல் ஈரம் போனதால் கத்தி நுனி சிவப்பில் கொஞ்சம் திட்டாக விழுந்திருக்கிறது, போகட்டும். சிரிப்பு வருகிறது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது, கிணற்று மேட்டில் நின்ற மாதிரியே. இதைத்தான் போட நினைத்தேன், இவ்வளவுதான். வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம். அதற்குள்ளேயா? மணி ஒன்பதரைதான். பழைய படம் சட்டத்துக்குள் சுவரோரம் தயாராகச் சாய்ந்து நிற்கிறது, எதற்கும் இருக்கட்டும் என்று நேற்றே துடைத்து வைத்தது நான்தான். தமயந்தி உள்ளே வந்தாள், கண்ணெல்லாம் வீங்கி, கழுத்துச் சங்கிலியை முறுக்கிக்கொண்டு. "ரெடியா சித்தப்பா? சங்கத்துல எல்லாரும் வந்துட்டாங்க." நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது: "புதுசு ஒண்ணு போட்டேம்மா, காயலை. பழசையே எடுத்துக்க, சட்டம் போட்டு வச்சிருக்கேன்." பன்னிரண்டு நாள் ஒத்திகை பார்த்த வசனம், ஒரு எழுத்துப் பிசகவில்லை.

அவள் சட்டத்தின் பக்கம் திரும்பவில்லை. நான் இரண்டு மூலையில் பிடித்திருந்த ஈரத் தாளுக்கு முன்னால் வந்து நின்றாள். பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று சத்தம் போட்டு அடங்குகிற வரை நின்றாள். "தீயைத் திருப்பிட்டீங்க" என்றாள். "அப்பாவுக்குத் தெரியும் சித்தப்பா. நீங்க குடுத்த தாளை வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா கீழ அழிச்ச எழுத்து தெரியும். பக்கிரியை எடுக்கன்னு. எனக்குப் பத்து வயசு இருக்கும், காட்டினாரு. பாரு ஆத்தா, நல்ல மனசோடதான் போட்டிருக்கான், தீயைத் தெரியாம மாத்தி வெட்டிட்டான், கேட்டதும் மூஞ்சி செத்துப்போச்சு பாவம், எதையோ சொல்லிச் சமாளிச்சான்னாரு. அப்ப ஊர்ல சொல்ல வேண்டியதுதானே, ஏன் இப்படிப் பேச்சு வாங்குறீங்கன்னு அழுதேன். அதுக்கு அப்பா, மேடையில நான் பாட்டை மறந்து நின்னா பக்கிரி என்ன செய்வான், ஆர்மோனியத்தைக் கூட்டி வாசிச்சு ஜனத்துக்குத் தெரியாம மூடுவான்ல, தொழில்காரன் பிசகைத் தொழில்காரன்தான் மூடணும், வெளியில சொன்னா சவரி பேரு கெட்டுடும்னாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இன்னிக்காவது சரி பண்ணணும்னு தோணுச்சே உங்களுக்கு."

பிசகு. எவ்வளவு சௌகரியமான வார்த்தை. செத்தும் எனக்கு ஒரு திரை கட்டிவிட்டுப் போயிருக்கிறார் மனுசன். தலையைக் குனிந்து, ஆமாம்மா, பிசகிடுச்சு, அப்பவே தெரியலை என்று சொன்னால் போதும். சங்கத்திலும் அதையே சொல்லலாம், கண் கலங்கினால் இன்னும் நல்லது, கைகூடத் தட்டுவார்கள். முப்பத்தாறு வருசமாக அவர் ஆர்மோனியத்தை விடாமல் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் மறந்த பாட்டுக்கு. நான் பாட்டை மறக்கவே இல்லை அண்ணே. மறக்கவே இல்லை. ஆமாம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன், ஆ என்று பாதி வந்தும் விட்டது. குரல் உடைந்தது, அதனால்தானோ என்னவோ மீதி வேறாக வந்தது. "முதல் தாள்தாம்மா பிசகு. ரெண்டாவது தாள்லேர்ந்து தெரிஞ்சுதான் எடுத்தேன்."

தமயந்தி என்னைப் பார்த்தாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கொடியிலிருந்து கிளிப்பைக் கழற்றுகிற மாதிரி என் கையிலிருந்து தாளின் இரண்டு மூலையையும் வாங்கிக்கொண்டாள், மையில் விரல் படாமல். "எனக்கு எதுக்குச் சொல்றீங்க? அங்க மைக் இருக்கு" என்றாள். சித்தப்பா என்று சொல்லவில்லை. ஆட்டோவின் பின் சீட் முழுக்கத் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்தாள், எனக்கு இடம் இல்லை, இருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டாள். வண்டி போய்விட்டது. கை தானாக ரோலரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தது. சங்கம் தெருக் கோடியில் திரும்பினால் அரைக் கிலோமீட்டர். போகாமல் இருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு, திடீரென்று நெஞ்சு வலி என்று போன் பண்ணலாம், அறுபது வயசுக்காரனை யார் சந்தேகப்படுவார்கள்? அங்கே இந்நேரம் அதை மேடையில் மாட்டிக்கொண்டிருப்பார்கள், முதல் ஆள் கேட்டிருப்பான், என்னப்பா தீ இந்தப் பக்கம் இருக்கு என்று. தீ ஏன் இடம் மாறியது என்று முழுசாகச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் உயிரோடு இருக்கிறான். வாயைத் திறப்பேனா என்று இப்போதும் எனக்குத் தெரியாது, என் வாயை நான் நம்ப மாட்டேன். செருப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தேன், தொந்தி குலுங்க. டீக்கடையில் நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "என்ன சார், எங்க இந்த ஓட்டம்?" பிள்ளையார் கோயிலைத் தாண்டினதும்தான் பார்த்தேன், ரோலரைக் கீழே வைக்க மறந்துவிட்டேன்.